விமானி அறைப் படத்தை வைத்து விமானத்தைக் கண்டுபிடிக்க...

முதலில் நிறத்தைப் பாருங்கள். உட்புறம் நீலப்பச்சையாக இருந்தால் பெரும்பாலும் ரஷ்ய விமானம். கருவிப் பலகையின் நடுவே செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடும் இருந்தால் மிக் ரகப் போர் விமானம் என்று யூகிக்கலாம். 2025 செப்டம்பரில் நம் விமானப்படையிலிருந்து விடைபெற்ற மிக்-21இலும் அந்தக் கோடு உண்டு. விமானம் சுழன்று விழும்போது கட்டுப்பாட்டுக் கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவர விமானிக்கு வழிகாட்டுவது அதுதான். எத்தனை அருமையான யோசனை!

வேக நெம்புகோல்களை எண்ணுங்கள். பெரும்பாலும் எஞ்சினுக்கு ஒன்று இருக்கும். கட்டுப்பாட்டுக் கைப்பிடியையும் பாருங்கள்: பெரும்பாலான ஏர்பஸ்களில் அது விமானியின் பக்கவாட்டில், போயிங்கில் நேர் முன்னால்.

விமானங்களை நேரில் காட்டப் பிள்ளைகளைப் பெங்களூரு எச்.ஏ.எல். விமான அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். 1961இல் முதன்முதலாகப் பறந்த நம் நாட்டுத் தயாரிப்பான 'மருத்' போர் விமானம் அங்கே நிற்கிறது.