ஏலத்தோட்டக் கணக்குக்கு எந்தச் செயலி?

கேள்வி: தனியாளாக மென்பொருள் எழுதி வருகிறேன். ஏலத்தோட்டங்களில் அன்றன்று எடுக்கும் பச்சைக்காயின் எடையையும் ஆட்களின் கூலியையும் பதிவதற்கு ஒரு செயலி செய்ய எண்ணம். பிளே ஸ்டோரில் வைக்கும் ஆண்ட்ராய்டு செயலியாகச் செய்வதா, பிரவுசரிலேயே இயங்கும் இணையச் செயலியாகச் செய்வதா?
- வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: ஒருவரே எழுதி, அவரே பராமரிக்கவும் வேண்டிய மென்பொருளுக்கு இணையச் செயலியே உகந்தது என்பது என் திடமான அபிப்பிராயம், ஆயினும் தோட்டக்காரர்கள் வசிப்பது போடியிலும் கம்பத்திலும், காய் எடுப்பதோ போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் அப்பால், டவர் எட்டாத பள்ளங்கள் மிகுந்த ஏலமலையில் என்பதை மறந்து அதைச் செய்வீர்களானால், அவர்கள் விரைவிலேயே பழைய நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

பிளே ஸ்டோரின் பதிவுக் கட்டணமான 25 டாலர் ஒரே தடவைதான், அது பாரமன்று. பின்வரும் நிர்ப்பந்தங்களே பாரம். 2023 நவம்பர் 13-க்குப் பின் தனிநபர் கணக்குத் தொடங்கியவர், குறைந்தது 12 பேரைக் கொண்டு 14 நாள் தொடர்ந்து சோதித்த பிறகே வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு இசையத் திருத்தவும் வேண்டும். ஐபோன் வைத்திருக்கும் முதலாளிகளையும் திருப்தி செய்வதென்றால் ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்டி, அதற்கெனத் தனியே உழைக்கவும் வேண்டும். 2015 மே மாதத்தில் இணையதளத்தையே மூடி, செயலி ஒன்றே போதுமெனத் துணிந்த ஆடை விற்பனை நிறுவனமான மிந்த்ராவுக்கு, அத்தனை பொறியாளர்களை வைத்திருந்தும், மறு ஆண்டே தளத்தைத் திறக்க நேர்ந்தது.

ஆகவே, சர்வீஸ் ஒர்க்கரைக் கொண்டு பக்கங்களைக் கைப்பேசியிலேயே இருத்தி, எடையையும் கூலியையும் பிரவுசரின் இண்டெக்ஸ்டு டிபியில் எழுதி, ஜீப் மலையிறங்கி இணைப்புக் கிடைத்ததும் அவை சர்வருக்குச் செல்லுமாறு அமையுங்கள். ஆனால் அந்தச் சேமிப்பைச் சாசுவதமென்று நம்பலாகாது. முகப்புத் திரையில் சேர்க்காத தளத்தின் தரவை, அத்தளத்தைத் தொடாமலே ஏழு நாள் பிரவுசரைப் பயன்படுத்தினால், ஐபோனின் சஃபாரி அழித்துவிடும். கைப்பேசியில் இடம் குறைந்தால், நிரந்தரச் சேமிப்புக்கு அனுமதி பெறாத தரவை ஆண்ட்ராய்டு பிரவுசரும் நீக்கக்கூடும். விடியுமுன் ஜீப்பேறி மலைக்குப் போய் அந்தியில் வீடு திரும்பும் ஒரு பெண்ணின் நாட்கூலி அந்தப் பதிவில் இருக்கிறது. ஆதலால் இன்னும் அனுப்பப்படாத பதிவுகள் எத்தனை என்பதைத் திரையின் உச்சியில் சதா காட்டுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன்.

ப்ளூடூத் தராசிலிருந்து எடையை நேரே வாங்க வேண்டும் என்று தோட்டக்காரர்கள் கேட்டால், எல்லாத் தராசுகளோடும் பிரவுசர் பேசாதாகையால், அப்போது ஆண்ட்ராய்டு செயலியில் இறங்கலாம். பிளே ஸ்டோரில் பெயர் இருந்தால் போதும் என்பார்களாயின், இதே இணையச் செயலியை டிரஸ்டட் வெப் ஆக்டிவிட்டி என்னும் முறையில் அங்கே ஏற்றலாம். அந்த 12 பேரை மட்டும் முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.