மாத்திரையும் மாதக் கூலியும்

அன்புள்ள தம்பிக்கு,

காசநோய்க்குரிய மாத்திரைகளை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கும்போது, நோயாளியின் வங்கிக் கணக்கில் பணமும் செலுத்துவது எதற்காக என்றும், நல்ல ஆகாரம் இல்லாவிட்டாலும் மருந்து குணமளிக்கும் என்பதைச் சென்னை ஆராய்ச்சியே ருசுப்படுத்திவிட்டதல்லவா என்றும் நீ எழுதிக் கேட்டது என் மனத்தை விட்டு அகலவில்லை. பட்டமும் பதவியும் பெற்ற பெரியவர்கள்கூட அந்த ஆராய்ச்சியின் பெயரைச் சொல்லியே ஏழை நோயாளியின் பணத்தை வீண் என்று பேசக் கேட்டு எனக்கு எரிச்சல் மிகுந்திருக்கிறது. ஆகவே சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

1956இல் தொடங்கி, 1959இல் முடிவுகள் வெளியான அந்த ஆராய்ச்சியில், ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் சேர்த்தும், மற்றவரை வீட்டிலேயே இருக்கவிட்டும், இரு சாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். சானடோரியத்தில் ஓய்வும் காற்றோட்டமும் சத்துள்ள உணவும் கிடைத்தன. வீட்டிலோ இடநெருக்கடியும் குறைந்த ஆகாரமும்தான். ஆயினும் குணமடைந்தோர் விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒத்திருந்தது. ஆனால், தம்பி, அவர்கள் கேட்ட கேள்வி என்ன? நோயாளியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்த வேண்டுமா, வீட்டில் வைத்தே சிகிச்சை செய்யலாமா என்பதுதான். முன்னறிவிப்பின்றி வீட்டுக்கே போய் மாத்திரைகளை எண்ணியும் சிறுநீரைச் சோதித்தும் பெற்ற முடிவை எடுத்துக்கொண்டு, பசித்தவனுக்குச் சோறு அநாவசியம் என்று தீர்ப்பு எழுதுவது எந்த நியாயம்? ஓர் ஆராய்ச்சி கேட்காத கேள்விக்கு அதையே விடையாக ஒருபோதும் காட்டாதே.

கொத்தனாருக்கு மணல் சுமக்கும் சித்தாள் ஒருவனை நினைத்துப் பார். வேலைக்குப் போனால்தான் அவனுக்கு அன்றைய கூலி. பல வாரம் இருமி, டானிக்குக்கும் ஊசிக்கும் கடன்பட்ட பிறகே அவன் சளிப் பரிசோதனைக்கு வருகிறான். மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் காய்ச்சல் தணிகிறது. அடங்கிக் கிடந்த பசி எழுகிறது. உடம்பு சோறு கேட்கும் அந்த வேளையில்தான் வீட்டு வருமானம் அடியோடு நின்றிருக்கிறது. ரேஷன் அரிசி இருக்கலாம். பருப்புக்கும் முட்டைக்கும் பஸ் கட்டணத்துக்கும் வாடகைக்கும் காசு வேண்டும். பாதி குணத்தில் அவன் மறுபடி வேலைக்கு ஓடி, மாத்திரையும் நின்றுபோனால், அறியாமை என்று அவன்மீதே பழி போடுகிறோம்.

உணவு கொடுப்பதால் பயனுண்டா என்று அறிய, ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் டாக்டர் அனுராக் பார்கவாவும் டாக்டர் மாதவி பார்கவாவும் அவர்தம் குழுவினரும் நடத்தி, 2023இல் வெளியிட்ட ஆராய்ச்சியைக் கட்டாயம் படி. குடும்பத்தாருக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்த வீடுகளில், புதிதாக நோய் காண்பது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீத எடை கூடிய நோயாளிகளிடையே மரண அபாயம் 61 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. அங்கே கொடுத்தது உணவுதானே, பணமில்லையே என்பாய், வாஸ்தவம். எனினும் அந்த முதல் இரண்டு மாதத்தைக் குறித்துக்கொள்.

பணமாகவே உதவியதற்கு, நான் விரும்பிப் படிக்கும் சரித்திரம் ஒன்றை இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1943இல், யுத்தத்தின் நடுவே, பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகம் 266/டி என்னும் சுற்றறிக்கையின் வாயிலாக நுரையீரல் காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு ஜீவனப் படி வழங்க ஏற்பாடு செய்தது. தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாக எக்ஸ்ரே எடுக்கும் முறை அப்போதுதான் தொடங்கிற்று. நோய் தெரிந்தால் கூலி போய்விடும் என்று அஞ்சுகிறவன் எக்ஸ்ரேக்கு எப்படி வருவான்? இந்த நுட்பத்தை அவர்கள் கண்டுகொண்டது பெரிய காரியமே. ஆனால் வேலைக்குத் திரும்பக்கூடியவன் என்று கருதப்பட்டவனுக்கே அந்தப் படி. நாட்பட்ட நோயாளிக்கும், எலும்பிலோ வேறு உறுப்பிலோ நோய் கொண்டவனுக்கும் இல்லை. ஒரே வார்டில் அடுத்தடுத்துப் படுத்திருப்பவர்களில் ஒருவன் வீட்டில் அடுப்பெரிய, மற்றவன் வீட்டில் எரியாமலிருக்கச் செய்த அந்த விதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. உழைக்கத் திரும்புகிறவனுக்குத்தான் உதவி என்று உன் வகுப்பில் எவரேனும் வாதித்தால், எழுந்து நின்று மறுத்துப் பேசு.

நம் தேசத்தில், நீ கேட்ட அந்தப் பணத்தை நோயாளியின் கணக்கில் செலுத்தும் நிக்ஷய் போஷண் திட்டம் 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. சித்தாளின் ஒரு மாதக் கூலியோடு ஒப்பிட்டால் அது சொற்பம். தொகை இன்னும் உயர வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். எனினும் தொகையைக் காட்டிலும் முக்கியமானது தேதி. ஆதாரில் ஒரு பெயரும் பாஸ்புக்கில் வேறோர் எழுத்தும் இருப்பதால் ஆறாம் மாதத்தில் வந்து சேரும் பணம், முதல் மாதத்துப் பசிக்கு எப்படி உதவும்?

அடுத்த மாதம் நீ கள ஆய்வுக்குப் போகும்போது, எவ்வளவு பணம் வந்தது என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடாதே. முதல் மாத்திரை விழுங்கிய தேதியையும், முதல் பணம் கணக்கில் ஏறிய தேதியையும் நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் ஆசிரியன்