ஸ்கேன் சிடியைத் திறப்பது எப்படி?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பையும் மூளையின் ‘புடாமென்’ பகுதியையும் தாக்கும். இந்தப் பாதிப்பைக் காண டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உதவுகிறது.

திசுவில் நீர் மூலக்கூறுகள் நகர்வதை இது அளக்கிறது. செல்கள் வீங்கினால் நகர்வு தடைபடும். அந்த இடம் டி.டபிள்யூ.ஐ. படத்தில் வெள்ளையாகவும், ஏ.டி.சி. படத்தில் கருமையாகவும் தெரியும்.

ஸ்கேன் படங்களைச் சிடியில் வாங்கினால், அதிலிருப்பவை டைகாம் ஃபைல்கள். மைக்ரோடைகாம் மென்பொருளை நிறுவி, சிடி ஃபோல்டரை அதில் திறந்து, இரு படங்களையும் அருகருகே வையுங்கள்.

டி.டபிள்யூ.ஐ.யில் மட்டும் வெள்ளை தெரிந்தால், அது புதிய பாதிப்பாக இல்லாமலும் இருக்கலாம். படத்தைத் திறக்கத்தான் என்னால் சொல்லித்தர முடியும். முடிவை டாக்டரிடமே கேளுங்கள்.