நகரின் வெம்மையும் வெண்கூரையும்

கோடைக்காலத்து நண்பகலில் தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடந்தவர் அதன் சூட்டினை எளிதில் மறவார். அருகிலுள்ள புல்தரையில் கால் வைத்ததும் அத்துன்பம் நீங்குகிறது. இரண்டின்மீதும் காய்வது ஒரே ஞாயிறுதான். அங்ஙனமாயின், ஒன்று சுடுவதும் மற்றொன்று தண்ணென்றிருப்பதும் எதனால்?

கதிரவன் ஒளி ஒரு பொருளின்மீது படும்பொழுது, அதன் ஒரு பகுதி திரும்பிச் செல்கிறது. எஞ்சிய பகுதியை அப்பொருள் ஏற்று வெப்பமாக மாற்றுகிறது. கரிய பரப்பு மிகுதியாக ஏற்கும். வெண்மையான பரப்பு மிகுதியாகத் திருப்பும். புல்லும் மரமும் தம்மிடமுள்ள நீரை ஆவியாக்கிச் சூட்டினைத் தணித்துக்கொள்ளும். நகரங்களிலோ, பசுமை குறைந்து, தாரும் கற்காரையும் பெருகியுள்ளன. அவை பகலெல்லாம் வெப்பத்தைச் சேர்த்துவைத்து, இரவில் மெல்ல மெல்ல வெளிவிடுகின்றன. ஆதலால் நாட்டுப்புறத்து இரவினும் நகரத்து இரவு வெம்மை மிக்கதாகிறது. லூக் ஹோவார்டு என்னும் ஆங்கிலேயர் இலண்டன் மாநகரின் வெப்பநிலையைப் பல ஆண்டுகள் அளந்து, இவ்வுண்மையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டறிந்தார்.

இவ்வெம்மை உயிரையும் வாங்க வல்லது. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில், குசராத்து மாநிலத்து அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரி செல்சியசை எட்டியது. அம்மாதத்தில் வழக்கத்தினும் 1,344 பேர் மிகுதியாக இறந்தனர் என ஆய்வாளர் பின்னர்க் கணக்கிட்டனர். இத்துயரத்தால் விழிப்புற்ற அந்நகரத்தார், 2013இல் வெப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றை வகுத்தனர். தகரமும் கல்நார்த் தகடும் வேய்ந்த சிறு வீடுகளில் வாழ்வோரே பெரிதும் துன்புறுகின்றனர் என்பதை உணர்ந்து, 2017இல் ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியையும் தொடங்கினர். சுண்ணாம்பும் தூரிகையும் கொண்டு செய்யத்தக்க இவ்வெளிய செயலால் வீட்டின் உள்வெப்பம் சில டிகிரி தணிகின்றது.

அறிவியலார் இத்துடன் அமைந்தாரல்லர். எல்லாப் பொருள்களும் தம் வெப்பத்தைக் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களாக வெளிவிடுகின்றன. அவற்றுட் பெரும்பகுதியைக் காற்றுமண்டலம் தடுத்துவிடும். ஆயினும், குறிப்பிட்ட சில அலைநீளங்களையுடைய கதிர்கள் அதனை ஊடுருவி விண்வெளிக்குச் சென்றுவிடும். அத்தகைய கதிர்களை மிகுதியாக வெளிவிடும் மெல்லிய படலம் ஒன்றை, அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2014இல் உருவாக்கினர். கதிரவன் ஒளியில் நூற்றுக்கு 97 பங்கினைத் திருப்பிய அப்படலம், கடும் வெயிலிலும் சுற்றியுள்ள காற்றைவிட ஏறத்தாழ 5 டிகிரி குளிர்ந்திருந்தது! 2021இல் பர்டியூ பல்கலைக்கழகத்தார், பேரியம் சல்பேட்டு என்னும் உப்பினைக் கொண்டு, ஒளியில் நூற்றுக்கு 98 பங்கினைத் திருப்பும் வெண்பூச்சு ஒன்றைச் செய்தனர். இத்தகைய பரப்புகள் மின்னாற்றல் சிறிதும் வேண்டாமலே குளிர்ச்சி தருவன.

எனினும், புழுதி படிந்தால் வெண்கூரையும் தன் ஆற்றலை இழக்கும். ஆதலின் அதனைத் தூய்மையாகப் பேணல் வேண்டும். சாலையில் நடப்போர்க்கு மர நிழலும் இன்றியமையாதது. புதிய பொருள்களைக் கண்டறிதல் அறிவின் சிறப்பு. அவற்றை எளியோர் வீட்டுக் கூரைக்குக் கொண்டு சேர்த்தலே அவ்வறிவின் பயனாகும்.