டிரை சால்டருக்கு மிஷின் மட்டுமா காரணம்?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மோட்டார் கொட்டகைகளில் எலெக்ட்ரானிக் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால், ரிலே, சிறிய டிரான்ஸ்பார்மர், கெபாசிட்டர், வயர் மாட்டும் டெர்மினல் எல்லாம் ஒரே போர்டில் நிற்கும். அவற்றின் கால்கள் துளை வழியே இறங்கி, அடிப்பக்கத்தில் சால்டர் பிடித்திருக்கும். இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர் போர்டுகளும் இந்த ரகம்தான். ஆயிரக்கணக்கில் செய்யும்போது கையால் பற்றவைப்பது கட்டுபடியாகாது. கான்வேயரில் போகும் போர்டின் அடிப்பக்கத்தை உருகிய சால்டரின் அலை சில நொடிகள் தொட்டு விலகும். இதுதான் வேவ் சால்டரிங். இந்தப் போர்டு பழுதாகிக் கடைக்கு வந்தால் பெரும்பாலும் கேட்கும் சொல் ‘டிரை சால்டர்’, அதாவது காலைச் சரியாகப் பிடிக்காத சால்டர். அதைச் சுற்றிச் சில தவறான நம்பிக்கைகள் வேரோடியிருக்கின்றன.

முதலும் பெரியதுமான நம்பிக்கை: சால்டர் சரியில்லை என்றால் மிஷினோ அதை ஓட்டுபவரோதான் காரணம். உண்மையில் பழுதுகளில் பல, மிஷினுக்கு வெகு முன்னால், கம்ப்யூட்டரில் லேஅவுட் போடும்போதே பிறந்துவிடுகின்றன. அடுத்தடுத்த இரண்டு கால்களுக்கு நடுவே சால்டர் பாலம் போட்டு ஷார்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்களின் (கால் பற்றும் செம்புத் திட்டுகளின்) இடைவெளி போதாது, நடுவே சால்டர் ஒட்டாமல் தடுக்கும் பச்சை மாஸ்க் இல்லை, கால்கள் அடியில் அளவுக்கு மீறி நீண்டிருக்கின்றன, கனெக்டர் தவறான திசையில் நிற்கிறது என்ற இந்த நான்கில் ஒன்றையாவது மிஷின் ஓட்டுபவர் முடிவு செய்தாரா? இல்லை. ஆனால் ஷிப்ட் முடிவில் திட்டு வாங்குபவர் அவர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு நம் பக்கத்திலிருந்து வேலைக்குப் போகும் பிள்ளைகளில் பலர் நிற்பது இந்த லைன்களில்தான். அவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

திசை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். “பொருளை எந்தப் பக்கம் திருப்பி வைத்தால் என்ன, டிராக் போய்ச் சேர்ந்தால் சரி” என்று நினைப்பவர்கள் அதிகம். அலைக்குத் திசை உண்டு. நீளமான கனெக்டரும் இரு வரிசைக் கால் கொண்ட ஐசியும் போர்டு நகரும் திசைக்கு இணையாக நிற்க வேண்டும். அப்போதுதான் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலையை விட்டு விலகும். மிஞ்சிய சால்டர் பின்னால் இருக்கும் காலுக்கு நகர்ந்துகொண்டே போகும். கடைசிக் காலில் அது தேங்கிப் பாலம் போடும் என்பதால், அதற்கும் பின்னால் எதோடும் இணையாத ஒரு வெற்றுப் பேட் வைத்துவிட்டால் மிச்சத்தை அது வாங்கிக்கொள்ளும். காசில்லாத வைத்தியம் இது. அடிப்பக்கத்தில் பசை வைத்து ஒட்டும் சின்ன சிப் ரெசிஸ்டருக்கோ விதி நேர்மாறானது. அது குறுக்காக இருக்க வேண்டும், இரண்டு முனையும் ஒரே நேரத்தில் அலையைச் சந்திப்பதற்காக. இன்னொன்று, உயரமான பொருளுக்குப் பின்னால் சின்னப் பொருளை நெருக்கி வைக்கக் கூடாது. தென்பெண்ணையில் பாறைக்குப் பின்புறம் ஓட்டம் இல்லாமல் போவதுபோல, அங்கே சால்டர் எட்டாது.

“துளை பெரிதாக இருந்தால் சால்டர் நன்றாக ஏறும்” என்பதும் பிழை. அலையின் தள்ளலோடு நுண்துளை ஈர்ப்பும் சேர்ந்துதான் சால்டரை மேலே ஏற்றுகிறது. இடைவெளி அகன்றால் அந்த ஈர்ப்பு குறைந்து சால்டர் கீழே வடிந்துவிடும். காலைவிடத் துளை 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை பெரிதாக இருப்பது பொதுவான அளவு. துளைக்குள் செம்பு பூசாத ஒருபக்கப் போர்டில் இன்னும் இறுக்கமாக வைப்பது நல்லது.

“கிரவுண்டுக்கு எவ்வளவு செம்பு கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.” மின்னோட்டத்துக்கு நல்லதுதான், சால்டருக்கு அல்ல. பரந்த செம்புப் பரப்போடு துளையை முழுக்க ஒட்டிவிட்டால் அந்தப் பரப்பு சூட்டை இழுத்துக்கொள்ளும். சால்டர் பாதி வழியில் உறைந்து நிற்கும். வெளியே பார்த்தால் பளபளப்பு, உள்ளே பொள்ளல். தரம் பார்க்கும் ஐபிசி 610 விதிநூல், செம்பு பூசிய துளைகளில் பொதுவாக 75 சதவீத நிரப்பையாவது கேட்கிறது. துளையையும் செம்புப் பரப்பையும் நான்கு மெல்லிய கைகளால் மட்டும் இணைத்தால் இது கைகூடும். அதிக மின்னோட்டம் போகும் இடத்தில் கைகளை அகலமாக்கலாம்.

இப்படி நிரம்பாத துளையைப் பார்த்ததும் “டெம்பரேச்சரைக் கூட்டு” என்பார்கள். ஈயம் கலந்த பழைய சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஐரோப்பாவில் 2006 ஜூலையிலும், இந்தியாவில் 2014 மே மாதத்திலும் பல மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. இப்போது பரவலாக ஓடும் ஈயமில்லாச் சால்டர் உருகவே சுமார் 217 டிகிரி வேண்டும். தொட்டியில் 260 டிகிரியை ஒட்டி வைத்திருப்பார்கள். அதற்கு மேலும் ஏற்றினால் போர்டின் செம்பு இன்னும் வேகமாகக் கரையும், பிளாஸ்டிக் பாகங்கள் வாடும். லேஅவுட்டில் விட்ட பிழையைச் சூட்டால் திருத்த முடியாது.

சால்டர் நன்றாக ஒட்டுவதற்காக அலைக்கு முன் போர்டில் அடிக்கும் பிளக்ஸை அள்ளித் தெளிப்பதும் அப்படியே. அலைக்கு முந்தைய சூடேற்றத்திலும் (ப்ரீஹீட்) அலையிலும் முழுதாகச் செயல்பட்டு ஆவியாகாத மிச்சம் போர்டில் தங்கி, ஈரம் பட்டதும் மின்கசிவுக்கு வழி விடும். மரக்காணத்து உப்பளக் காற்றும் வடகிழக்குப் பருவமழையும் உள்ள மாவட்டம் இது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மூழ்கிய போர்டை விடுங்கள். மூழ்காத பெட்டிக்குள்ளும் ஈரக்காற்று புகும்.

எல்லாம் துளையில்லாமல் போர்டின் பரப்பிலேயே ஒட்டும் எஸ்எம்டி ஆகிவிட்டது, வேவ் சால்டரிங் பழைய கதை என்பாரும் உண்டு. ரிலேயும் டெர்மினலும் இருக்கும்வரை அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

காகுப்பத்திலும் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் 2008 முதல் நடக்கின்றன. அங்கே எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர்களே, உங்கள் புராஜெக்ட் போர்டு கையால் பற்றவைக்கப்படுவதாகவே இருக்கட்டும். ஆனாலும் எந்த முனை முதலில் அலைக்குள் போகும் என்று போர்டின் மேல் ஓர் அம்புக்குறி போடுங்கள்; அதை வைத்தே ஒவ்வொரு பொருளையும் திருப்பி வையுங்கள். வேலைக்குப் போன பிறகு, லேஅவுட் அடங்கிய கெர்பர் பைலைத் தயாரிப்புக்கு அனுப்புவதற்கு முன் லைனில் நிற்பவரிடம் ஒரு தரம் காட்டிவிடுங்கள்.