முப்பது வயதில் சொந்தத் தொழில்: எந்த ஊர், எந்தத் துறை?

* சம்பளத்துக்கு வேலை பார்த்த துறையிலேயே தொடங்குங்கள். சரக்கு எங்கே வாங்குவது, யார் கடனை இழுத்தடிப்பார் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

* தொழிலுக்கேற்ற ஊரைத் தேடுங்கள். பின்னலாடைக்குத் திருப்பூர், பம்ப்செட்டுக்குக் கோவை, வீட்டு உபயோகத் துணிகளுக்குக் கரூர், அச்சுக்குச் சிவகாசி. திருப்பூரில் காலையில் பட்டன் தீர்ந்தால், மதியத்துக்குள் பக்கத்துத் தெருவிலிருந்தே வாங்கிவிடலாம். வேறு ஊரில் அதற்காக லாரி பார்சலுக்குக் காத்திருக்க வேண்டும்.

* குடியேறும் முன் தேர்ந்தெடுத்த ஊரில் ஒரு மாதம் தங்குங்கள். கடை வாடகை, அட்வான்ஸ், ஆள் கூலி மூன்றையும் நேரில் விசாரித்து நோட்டில் எழுதுங்கள்.

* ஓராண்டு வீட்டுச் செலவையும் மருத்துவக் காப்பீட்டுத் தவணையையும் தனியே ஒதுக்குங்கள். அந்தப் பணத்தைத் தொழிலில் போடாதீர்கள்.

* மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்த் தமிழக அரசின் 'நீட்ஸ்' திட்டம் பற்றிக் கேளுங்கள். தகுதியுள்ள புதிய தொழில்முனைவோருக்கு 25 சதவீத மானியம் உண்டு. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 'உத்யம்' பதிவுக்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர்கள்.

* பெற்றோரையும் துணைவரையும் பிள்ளையின் பள்ளியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டார் மனமொப்பி வரும் ஊரில்தான் தொழில் வேர் பிடிக்கும்.