பிட்எக்ஸ் ரேடியோ பேசவில்லையா? கம்ப்யூட்டரை வைத்தே பழுது தேடலாம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், கடிதம் டைப் செய்கிறோம். அந்தப் பாட்டை ஒலிக்க வைக்கும் சவுண்ட் கார்டு ஒரு நல்ல சோதனைக் கருவியும் கூட என்பது பலருக்குத் தெரியாது. வீட்டில் நாமே இணைத்த ஹாம் ரேடியோ கிட் ஒன்று வேலை செய்யாவிட்டால், ஒரு சாதாரண மல்டிமீட்டரையும் இந்த சவுண்ட் கார்டையும் வைத்துக்கொண்டு பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி? அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஹாம் ரேடியோ என்பது பொழுதுபோக்காக ரேடியோ அலைகள் மூலம் பிறருடன் பேசுவது. பொழுதுபோக்கு என்றாலும் சில நேரங்களில் அது மட்டுமே கை கொடுக்கும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கி அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, அங்கு போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர் தங்கள் ஹாம் ரேடியோ வழியாகத்தான் செய்திகளை வெளியே அனுப்பினார்கள். இந்தியாவில் இதற்கு மத்திய அரசின் உரிமம் தேவை. தேர்வு எழுதித் தேறியவர்களுக்கு வியூ2 அல்லது வியூ3 என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். உரிமம் இல்லாமல் ஒலிபரப்பக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

நம் நாட்டு கிட்

ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2003ல் பிட்எக்ஸ்20 என்ற டிரான்ஸீவரை வடிவமைத்து, அதன் சர்க்யூட்டை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார். சந்தையில் எளிதில் கிடைக்கும் பாகங்களை மட்டும் கொண்டு செய்ய வேண்டும் என்பது அவர் நோக்கம். காயில் சுற்றுவதற்குக் குழாயில் போடும் வாஷரைக் கூடப் பயன்படுத்தினார்! 2016ல் பிட்எக்ஸ்40 என்ற கிட் வந்தது. இதில் போர்டு தயாராகவே வரும். காயில்களை ஐதராபாத்தில் ஒரு பெண்கள் குழுவினர் கையால் சுற்றிக் கொடுத்தார்கள். மைக், ஸ்பீக்கர், வால்யூம், ஆன்டெனா சாக்கெட், பவர் ஒயர் ஆகியவற்றை இணைப்பது மட்டும் நம் வேலை. இது 7 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் 12 வோல்ட்டில் சுமார் 7 வாட் சக்தியுடன் பேசும். பின்னால் வந்த எஸ்பிட்எக்ஸில் ராஸ்பெரி பை கம்ப்யூட்டரே உள்ளே உட்கார்ந்து கொண்டது. ஆனால் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள பிட்எக்ஸ்40 போன்ற எளிய செட் வேறில்லை என்பது என் கருத்து.

காரணம் அதன் அமைப்பு. கேட்கும்போது ஆன்டெனாவிலிருந்து வரும் சிக்னல் பில்டர், மிக்சர், 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பில்டர், டிடெக்டர், ஆடியோ ஆம்பிளிபையர் என்று சென்று ஸ்பீக்கரை அடைகிறது. பேசும்போது மைக்கிலிருந்து கிளம்பும் சிக்னல் அதே கிரிஸ்டல் பில்டர், அதே மிக்சர் வழியாக எதிர்த் திசையில் பயணம் செய்து, கடைசியில் ஐ.ஆர்.எப். 510 என்ற பவர் டிரான்சிஸ்டரில் வலுப்பெற்று ஆன்டெனாவுக்குப் போகிறது. ஒரே தண்டவாளத்தில் இரு திசையிலும் ரயில் ஓடுவது போல.

இதில் நமக்கு என்ன லாபம்? செட் நன்றாகக் கேட்கிறது, ஆனால் பேசவில்லை என்றால் கிரிஸ்டல் பில்டர், மிக்சர், ஆசிலேட்டர்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். மல்டிமீட்டரைத் தொடாமலேயே பாதி சர்க்யூட் பாஸ்! இடையில் உள்ள ஆம்பிளிபையர்களில் மட்டும் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி டிரான்சிஸ்டர் உண்டு, அதை நினைவில் வையுங்கள். நாங்கள் சாப்ட்வேரில் பிழை தேடுவதும் இப்படித்தான். பாதியாகப் பிரி, எந்தப் பாதியில் பிழை என்று பார், அந்தப் பாதியை மறுபடி பிரி. சந்தேகம் வந்ததும் பாகத்தை மாற்றிப் பார்ப்பது என்பது என்னைப் போன்ற ஜோலார்பேட்டைக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு டிரான்சிஸ்டருக்காக ரயில் ஏறி 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னை ரிட்சி தெருவுக்குப் போக வேண்டும்.

பவர் கொடுக்கும் முன்

கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி இந்த செட்டுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் ஷார்ட் ஆனால் அது பல பத்து ஆம்பியர் கரண்டைக் கொட்டிவிடும், ஒயரே எரிந்து போகும். எனவே 2 ஆம்பியர் பியூஸ் கட்டாயம். முதல் முறை பவர் கொடுக்கும்போது பைக் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 10 வாட் பல்பு ஒன்றைப் பவர் ஒயரில் தொடராக இணையுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, செட் தப்பித்தது. மங்கலாகவோ எரியாமலோ இருந்தால் பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுக்கலாம்.

அடுத்து டம்மி லோடு. ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் சுமை இது. 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர்கள் 20 எண்ணிக்கையை இணையாகச் சேர்த்தால் 50 ஓம், 10 வாட் கிடைக்கும். கார்பன் அல்லது மெட்டல் பிலிம் வகைதான் வேண்டும். ஒயர் சுற்றிய ரெசிஸ்டர் காயிலைப் போல நடந்துகொள்ளும், அது ஆகாது. பேசும் பக்கத்தைச் சோதிக்கும்போது எப்போதும் இதைத்தான் மாட்ட வேண்டும். பழுதான செட்டை ஆன்டெனாவில் போட்டு அழுத்திப் பார்ப்பது அடுத்தவர் பேச்சைக் கெடுக்கும், நம் டிரான்சிஸ்டரையும் கெடுக்கும்.

சவுண்ட் கார்டை இணைப்பது

டெஸ்க்டாப்பின் பின்புறம் பச்சை நிற சாக்கெட் ஸ்பீக்கருக்கு, ரோஸ் நிறம் மைக்குக்கு, நீல நிறம் லைன் இன். லேப்டாப்பில் பெரும்பாலும் ஒரே சாக்கெட்தான் இருக்கும். அதற்கு மொபைல் ஹெட்செட்டில் இருப்பது போல நான்கு வளைய பிளக் வேண்டும். ரேடியோவின் ஸ்பீக்கர் ஒயரை நேராகக் கம்ப்யூட்டரின் மைக் சாக்கெட்டில் செருகாதீர்கள். ஸ்பீக்கரில் வருவது வோல்ட் கணக்கில், மைக் சாக்கெட் தாங்குவது மில்லி வோல்ட் கணக்கில். இடையில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும், 100 ஓம் ரெசிஸ்டரை கிரவுண்டுக்கும் போட்டால் சிக்னல் நூறில் ஒரு பங்காகக் குறையும். அதற்குப் பிறகு ஒரு 1 மைக்ரோ பாரட் கப்பாசிட்டர். இந்த வேலையெல்லாம் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் செட்டுக்கு மட்டும்தான். 230 வோல்ட் மெயின்ஸ் உள்ள எந்தக் கருவியையும் இப்படிக் கம்ப்யூட்டரோடு இணைக்கவே கூடாது.

சாப்ட்வேருக்கு ஆடாசிட்டி போதும், இலவசம். ‘ஜெனரேட்’ மெனுவில் ‘டோன்’ என்பதைத் தேர்ந்தெடுத்து 1000 ஹெர்ட்ஸ் கொடுத்தால் சீரான விசில் ஒலி தயார். ‘அனலைஸ்’ மெனுவில் ‘பிளாட் ஸ்பெக்ட்ரம்’ இருக்கிறது. பதிவு செய்த ஒலியில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு உள்ளது என்று படமாகக் காட்டும்.

கேட்கும் பக்கம்

ஸ்பீக்கரில் சத்தமே இல்லையா? கம்ப்யூட்டரின் விசிலை 0.1 மைக்ரோ பாரட் கப்பாசிட்டர் வழியாக வால்யூம் கன்ட்ரோலின் மேல் முனையில் கொடுங்கள். கம்ப்யூட்டர் ஒயரின் கிரவுண்டை ரேடியோ கிரவுண்டோடு சேர்க்க மறக்காதீர்கள். விசில் கேட்டால் ஸ்பீக்கரும் ஆடியோ ஆம்பிளிபையரும் சரி, பழுது அதற்கு முன்னால். கேட்காவிட்டால் ஸ்பீக்கர் ஒயரிலிருந்து தொடங்குங்கள். தொழிற்சாலையில் சால்டர் செய்த போர்டை விட நாம் சால்டர் செய்த ஒயர்களில்தான் கோளாறு அதிகம்.

‘உஸ்’ என்ற சத்தம் வருகிறது, பேச்சு வரவில்லை என்றால் ஆன்டெனாவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். மாட்டும்போது சத்தம் கூடினால் முழுப் பாதையும் வேலை செய்கிறது. கூடாவிட்டால் டியூனிங் ஆசிலேட்டரைச் சந்தேகப்படலாம். 7.1 மெகாஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமானால், 12லிருந்து 7.1 போக மீதி 4.9 மெகாஹெர்ட்ஸில் அது ஓட வேண்டும். ஷார்ட் வேவ் உள்ள பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பக்கத்தில் வைத்து 4.9 அருகே மெல்லத் திருப்புங்கள். ஓர் இடத்தில் அதன் இரைச்சல் சட்டென்று அடங்கும். அடங்கினால் ஆசிலேட்டர் உயிரோடு இருக்கிறது.

அடங்கவில்லை என்றால் ராடுயினோ என்ற சிறிய போர்டைப் பாருங்கள். அதில் ஆர்டுயினோ நானோவும் எஸ்.ஐ.5351 என்ற சிப்பும் உள்ளன. டிஸ்ப்ளேயில் வெளிச்சம் மட்டும் இருந்து எழுத்து இல்லாவிட்டால் முதலில் கான்ட்ராஸ்ட் பிரிசெட்டைத் திருப்புங்கள், பாதிப் பேருக்குப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும். புரோகிராமைத் திரும்ப ஏற்ற யு.எஸ்.பி. கேபிள் போதும். கம்ப்யூட்டர் நானோவைக் கண்டுகொள்ளவில்லை என்றால் சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளாக இருக்கலாம். அல்லது சி.எச்.340 டிரைவர் இல்லாமல் இருக்கலாம். ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து ‘போர்ட்ஸ்’ பகுதியில் புதிய காம் எண் வருகிறதா என்று பாருங்கள். எண் வந்தும் புரோகிராம் ஏறாவிட்டால் ஆர்டுயினோ சாப்ட்வேரில் ‘ஓல்டு பூட்லோடர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து முயலுங்கள்.

பேச்சு கேட்கிறது, ஆனால் குரல் கீச்சென்றோ குடத்துக்குள் பேசுவது போலவோ இருக்கிறது என்றால் வெறும் இரைச்சலை அரை நிமிடம் ஆடாசிட்டியில் பதிவு செய்து ஸ்பெக்ட்ரம் பாருங்கள். ஏறத்தாழ 300 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரை ஒரு மேடு தெரிய வேண்டும். அதுதான் உங்கள் கிரிஸ்டல் பில்டரின் உருவம்! மேடு முழுவதும் வலப்புறம் தள்ளி இருந்தால் குரல் கீச்சிடும், இடப்புறம் நகர்ந்திருந்தால் கனத்துவிடும். டிடெக்டருக்குச் சிக்னல் தரும் பி.எப்.ஓ. அதிர்வெண் விலகியிருக்கிறது என்பது இதன் பொருள். விலை உயர்ந்த கருவிகள் சொல்ல வேண்டியதை சவுண்ட் கார்டு சொல்லிவிடுகிறது.

இரைச்சலே தாங்க முடியாத அளவு இருந்தால் செட்டைக் குறை சொல்லாதீர்கள். லேப்டாப் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். மலிவான எல்.ஈ.டி. பல்புகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். எங்கள் ஊர் ஜங்ஷனில் 25,000 வோல்ட் மேல்நிலைக் கம்பிகளின் கீழ் எஞ்சின் நகரும்போது ரேடியோவில் படபடவென்று கேட்கும். அதற்கு மட்டும் மருந்தில்லை, வண்டி போகும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பேசும் பக்கம்

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், உரிமம் பெற்றவர், தன் பிட்எக்ஸ்40ஐ எடுத்து வந்தார். நன்றாகக் கேட்கிறது, பேசினால் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

“தம்பி, ஐ.ஆர்.எப். எரிஞ்சு போச்சுன்னு ஒருத்தர் சொல்லிட்டார். புதுசு வாங்கிட்டேன், நீ மாத்திக் குடுத்தா போதும்.”

“இருங்க சார், முதல்ல கரண்டைப் பார்த்துடலாம்.”

அவசரப்பட்டுக் கழற்றினால் போர்டில் உள்ள செம்புத் தடம் பெயர்ந்து வந்துவிடும். அப்புறம் நல்ல செட்டும் நிஜமாகவே கெட்டுவிடும். டம்மி லோடை மாட்டி, பவர் ஆம்பிளிபையருக்குப் போகும் ஒயரில் மட்டும் மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்தோம். பிடிடி பட்டனை அழுத்தியதும் ரிலே ‘டிக்’ என்றது. மீட்டர் 100 மில்லி ஆம்பியர் காட்டியது. எரிந்துபோன டிரான்சிஸ்டர் இப்படிச் சரியான அளவைக் காட்டாது. “ஹலோ” என்றார், முள் அசையவில்லை.

மைக்கைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரின் விசிலை 100 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் நூறில் ஒன்றாகக் குறைத்து, கப்பாசிட்டர் வழியாக மைக் இணைப்பில் கொடுத்து மறுபடி அழுத்தினோம். கரண்ட் ஒரு ஆம்பியரைத் தாண்டியது. டம்மி லோடில் 1என்4148 டயோடும் 0.01 மைக்ரோ பாரட் கப்பாசிட்டரும் போட்டு அளந்தபோது 26 வோல்ட். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி 100ஆல் வகுத்தால் வாட் கிடைக்கும்: ஏறத்தாழ 7 வாட். மைக் இணைப்பு முதல் ஆன்டெனா சாக்கெட் வரை எல்லாம் சரி. மிச்சம் இருப்பது மைக் மட்டுமே.

எலக்ட்ரெட் மைக்குக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் உண்டு. பின்புறம் இரண்டு புள்ளிகளில் எது உலோக உறையோடு சேர்ந்திருக்கிறதோ அதுதான் கிரவுண்ட். மல்டிமீட்டரை பீப் ஒலி நிலையில் வைத்துத் தொட்டால் தெரிந்துவிடும். அவர் மைக்கில் ஒயர்கள் மாறியிருந்தன. மாற்றி சால்டர் செய்ததும் “ஹலோ”வுக்கு முள் துள்ளியது. வாங்கி வந்த புது டிரான்சிஸ்டர் இன்னும் அவர் டப்பாவில் இருக்கிறது.

உண்மையிலேயே ஐ.ஆர்.எப். 510 போயிருந்தால் எப்படித் தெரியும்? பவரை நிறுத்தி, பவர் ஆம்பிளிபையர் ஒயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். எழுத்துள்ள பக்கம் நம்மைப் பார்க்க, இடமிருந்து வலமாகக் கேட், டிரெயின், சோர்ஸ். டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே இரு திசையிலும் பீப் அடித்தால் அது இறந்துவிட்டது. புதியது போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் உலோகப் பகுதி டிரெயினோடு இணைந்தது, ஆகவே ஹீட் சிங்க் பெட்டியைத் தொடக் கூடாது. பயஸ் பிரிசெட்டை முதலில் மிகக் குறைந்த நிலைக்குத் திருப்பி வைத்து, மைக்கைக் கழற்றி, டம்மி லோடு மாட்டி, அதன் பிறகே பிடிடியை அழுத்துங்கள். கரண்ட் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். பிரிசெட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி 100 மில்லி ஆம்பியரில் நிறுத்துங்கள். கொஞ்சம் வேகமாகத் திருப்பினாலும் கரண்ட் எகிறிவிடும், கையில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவரை விட அது வேகமானது.